சிங்கப்பூரில் சிக்கனம்: எந்த அட்டை, எந்தக் கரையில் அறை?

சிங்கப்பூருக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது டூரிஸ்ட் பாஸ் வாங்கலாமா என்றுதான். நியாயமான கேள்வி. ஆனால் அதில் மிச்சமாவது சில வெள்ளிகள் (சிங்கப்பூர் டாலர்). பணம் கரைவது அறை வாடகையில். சின்னதை முதலில் முடித்துவிடுவோம்.

டூரிஸ்ட் பாஸ் ஒரு நாளுக்கு 17 வெள்ளி, இரண்டு நாளுக்கு 24, மூன்று நாளுக்கு 29. எம்ஆர்டி ரயிலிலும் பேருந்திலும் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம். பாஸ் இல்லாமல் போனால், தூரத்தைப் பொறுத்து ஒரு பயணத்துக்குச் சுமார் ஒன்றேகால் வெள்ளியிலிருந்து இரண்டரை வெள்ளி வரை ஆகும். சராசரி 2 வெள்ளி என்றே வையுங்கள். ஒரு நாள் பாஸ் கட்டுப்படியாக அன்றைக்கு ஒன்பது பயணம் போக வேண்டும். அப்படி அலைந்தால் ஊரையா பார்ப்பீர்கள், ஸ்டேஷன்களைத்தான் பார்ப்பீர்கள். மூன்று நாள் பாஸுக்கு தினம் ஐந்து பயணம் தேவை. ரயிலை விட்டு இறங்கி 45 நிமிடத்துக்குள் பேருந்தில் ஏறினால் இரண்டும் ஒரே பயணமாகக் கணக்கில் சேரும். அதனால் ஐந்தைத் தொடுவதே சிரமம். அப்புறம், பாஸின் ஒரு நாள் என்பது 24 மணி நேரம் அல்ல. மாலை நாலு மணிக்கு வாங்கினாலும் அன்றிரவோடு அந்த நாள் தீர்ந்தது. செந்தோசா தீவுக்குப் போகும் ரயிலுக்கும் பாஸ் செல்லாது.

மிஞ்சுவது இரண்டு வழி. விசா, மாஸ்டர்கார்டு வங்கி அட்டையை நேரடியாக வாயிலில் தட்டிப் போகலாம். வெளிநாட்டு அட்டை என்றால் பயன்படுத்தும் ஒவ்வொரு நாளுக்கும் 60 காசு கூடுதல் கட்டணம், அதற்கு மேல் உங்கள் வங்கி பிடிக்கும் அந்நியச் செலாவணிக் கட்டணம். இல்லையென்றால் 10 வெள்ளி கொடுத்து ஈஸி-லிங்க் அட்டை வாங்கலாம். அதில் 5 வெள்ளி அட்டைக்கான விலை, திரும்பக் கிடைக்காது. மீதி 5 பயணத்துக்கு. தனியாக நாலைந்து நாள் போகிறவருக்கு வங்கி அட்டையே லாபம். குடும்பத்துக்கு ஈஸி-லிங்க்தான் என்பேன். ஆளுக்கொரு அட்டை கட்டாயம். நான்கு பேருக்கும் தனித்தனி சர்வதேச அட்டை எத்தனை வீட்டில் இருக்கிறது? 90 செ.மீ. உயரத்துக்குக் குறைந்த குழந்தைக்கு அட்டையே வேண்டாம்.

சாப்பாட்டில் போட்டியே இல்லை. குளிரூட்டிய உணவகங்கள் பலவற்றில் பட்டியல் விலைக்கு மேல் 10% சேவைக் கட்டணமும் 9% ஜிஎஸ்டியும் ஏறும். தேக்கா போன்ற உணவங்காடி நிலையத்தில் பலகையில் போட்ட விலைதான் விலை. குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம், பாட்டிலுக்குக் காசு விரயம். உயரத்திலிருந்து ஊரைப் பார்க்க மரினா பே சாண்ட்ஸ் ஹோட்டல் உச்சிக்குக் கட்டணம் உண்டு. மரினா பேரேஜ் என்ற அணைக்கட்டின் கூரைப் புல்வெளியில் உட்கார்ந்தால் அதே கட்டடங்கள் இலவசமாகத் தெரியும். உயரம் குறைவுதான், எனக்கு அது குறையாகப் படவில்லை.

சரி, அறை. லிட்டில் இந்தியாவில் தங்குவதா, பாலம் தாண்டி மலேசியாவின் ஜொகூர் பாருவில் தங்குவதா? ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. லிட்டில் இந்தியாவில் கட்டில் போடவே இடம் போதாத அறைக்குக் கொடுக்கும் தொகைக்கு அங்கே விசாலமான அறை கிடைக்கும். இந்தியக் கடவுச்சீட்டுக்கு 2026 இறுதி வரை மலேசிய விசாவும் தேவையில்லை. காகிதத்தில் ஜொகூர்தான் ஜெயிக்கிறது.

ஆனால் அந்தப் பாலம் உலகிலேயே மிக நெரிசலான எல்லைகளில் ஒன்று. சிங்கப்பூர் பக்கம் உள்ள உட்லண்ட்ஸுக்கும் ஜொகூர் பாருவின் ஜே.பி. சென்ட்ரல் நிலையத்துக்கும் இடையே ஓடும் ஷட்டில் ரயில் ஐந்தே நிமிடத்தில் கடக்கும். டிக்கெட்தான் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஜொகூரிலிருந்து 5 ரிங்கிட், உட்லண்ட்ஸிலிருந்து 5 வெள்ளி. பேருந்து என்றால் இரு பக்கமும் இறங்கி வரிசையில் நிற்க வேண்டும். ஒவ்வொரு முறை நுழையும்போதும் அந்தந்த நாட்டின் மின்-வருகை அட்டையைப் புதிதாக நிரப்ப வேண்டும். இரண்டும் இலவசம், காசு கேட்கும் தளம் அரசாங்கத்தினுடையது அல்ல. சிங்கப்பூர் விசா பலமுறை நுழைவுக்கானதா என்றும் பார்க்க வேண்டும். இதையெல்லாம் தினமும் செய்துகொண்டு, இரவுக் காட்சி முடிந்ததும் எல்லைக்கு ஓடுவது எனக்குச் சுற்றுலாவாகத் தெரியவில்லை.

இரண்டு பேர், மூன்று இரவு என்றால் யோசிக்காமல் லிட்டில் இந்தியா. சாங்கி விமான நிலையத்திலிருந்து ஒரு நிறுத்தம் தள்ளி எக்ஸ்போவில் மாறினால் நீல நிற டௌன்டவுன் ரயில் நேராக அங்கே கொண்டுவிடும். டாக்சிச் செலவும் மிச்சம். பிள்ளைகளோடு போகிறவர்கள், ஜொகூரில் உள்ள லெகோலேண்ட் கேளிக்கைப் பூங்காவும் திட்டத்தில் இருந்தால், கடைசி இரண்டு இரவை ஜொகூருக்கு ஒதுக்கலாம். பெட்டியோடு பாலத்தைத் தாண்டும் நாள் வெள்ளிக்கிழமை மாலையாக மட்டும் இருக்க வேண்டாம்.