பாசிக்குடாவில ஓல் இன்க்ளூசிவ் ரூம் எடுக்கப்போற சோடிகளுக்கு

கலியாண நாளுக்கு நானும் இவரும் பாசிக்குடாவில ஒரு ஓல் இன்க்ளூசிவ், அதாவது சாப்பாடு குடிவகை எல்லாம் ரூம் காசிலயே அடக்கமான ஹொட்டேல்ல நிண்டம், பெரியாக்களுக்கு மட்டும், சின்னப்பிள்ளையள எடுக்கமாட்டாங்க. மட்டக்களப்பில இருந்து வாழைச்சேனை பஸ் எடுத்து மறுகா ஓட்டோ பிடிச்சா லேசா போயிரலாம்.

கடலைப் பத்தி சொல்லியே ஆகணும். கரையில இருந்து எவ்வளவோ தூரம் நடந்து போயும் தண்ணி இடுப்புக்கு மேல வரல்ல, பெரிய அலையுமில்ல, நீந்தத் தெரியாத நான் கூட இவர்ர கையப் பிடிச்சிக்கிட்டு பயமில்லாம போய் நிண்டன், காலடி மண் கண்ணாடி மாதிரி தெரியுது. ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் போறதுதான் நல்லம், மாரி தொடங்கினா கடல் குழம்பிரும்.

பகல் பஃபேயில நண்டுக் கறி சரியான ருசி, எருமைத் தயிர முட்டியோட வச்சி கித்துள் பாணி ஊத்தித் தந்தாங்க, நான் மறுபடியும் போய் எடுத்தன். ராச்சாப்பாடுதான் உறைப்பே இல்ல, வெள்ளைக்காரருக்கு எண்டே சமைச்சது. குசினியில சொன்னா சம்பல் இடிச்சித் தாறாங்க, கேளுங்க.

எனக்குப் பிடிக்காத விசயம், கையில பட்டி கட்டக்குள்ள எல்லாம் அடக்கம் எண்டாங்க, வெளிக்கிடக்குள்ள போட்ல (படகுல) போனதுக்கும் ஃப்ரெஷ் ஜூஸுக்கும் தனி பில் வந்திச்சி. அது சரியில்ல. புக் பண்ணக்குள்ளயே எது அடக்கம் எது இல்லயெண்டு எழுத்தில வாங்கிக்கங்க. ரூம் நல்ல சுத்தம், ஏசி குளிர், வேலை செய்யிற பொடியனுகள் சரியான மரியாதை.