போருக்கு ஒரு ரெக்வியம்: டெக்காவின் 1963 பதிவு

ரெக்வியம், அதாவது இறந்தவர்களுக்கான பூசை இசை, கேட்க ஆசையா, மோட்சார்ட்டில் ஆரம்பி என்பார்கள். ஆரம்பிக்கலாம், தப்பில்லை. வெர்டியிடம் போனால் தீர்ப்பு நாள் பகுதியில் பெருமுரசு அதிர அதிர சாவு வந்து கதவை உடைக்கும். ஃபோரே அந்தத் தீர்ப்பு நாள் பாட்டைக் கிட்டத்தட்ட முழுசாகவே விட்டுவிட்டு சாவைத் தாலாட்டாக்கினார். பிராம்ஸ் லத்தீன் பூசை வாசகங்களை ஒதுக்கிவிட்டு, உயிரோடு இருப்பவர்களைத் தேற்றும் வசனங்களாக ஜெர்மன் பைபிளிலிருந்து பொறுக்கினார். எல்லாம் அருமை. ஆனால் 'இவர்களைக் கொன்றது யார்?' என்று இந்த நாலு பேரும் கேட்கவில்லை. ஆங்கிலேய இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் கேட்டார். அவருடைய 'வார் ரெக்வியம்' அதுதான்.

1940 நவம்பரில் ஜெர்மன் குண்டுவீச்சில் இடிந்த கோவென்ட்ரி பேராலயத்துக்குப் பக்கத்தில் புதியதைக் கட்டி, 1962இல் திறந்தபோது பாடுவதற்காக எழுதியது. அடுத்த ஜனவரியில் டெக்கா இசைத்தட்டு நிறுவனத்துக்காக லண்டன் கிங்ஸ்வே ஹாலில் பிரிட்டனே இசைக்குழுவை நடத்திப் பதிவு செய்தார். லத்தீன் இரங்கல் வரிகளுக்கு நடுநடுவே வில்ஃப்ரெட் ஓவனின் போர்க்களக் கவிதைகள். ஓவன் முதல் உலகப் போர் முடிய ஒரு வாரம் இருக்கையில், இருபத்தைந்து வயதில் சுடப்பட்டு இறந்தவர்.

எனக்கு இந்தப் பதிவின் உச்சம் காணிக்கைப் பகுதி. ஆபிரகாமுக்கும் அவன் சந்ததிக்கும் வாக்களித்தாயே என்று பாடகர் குழு துள்ளலாகப் பாடி முடிக்கும். உடனே, கடவுளுக்கு மகனைப் பலி கொடுக்கப் போன பைபிள் ஆபிரகாமின் கதை, ஓவன் சொல்கிற மாதிரி. தேவதூதன் தடுக்கிறான், பையனை விட்டுவிடு, ஆட்டுக்கடாவைப் பலி கொடு என்கிறான். கிழவன் கேட்பதாயில்லை. மகனை வெட்டுகிறான், கூடவே ஐரோப்பாவின் பாதிச் சந்ததியை, ஒவ்வொருவராக. 'ஒவ்வொருவராக' என்று டெனரும் (உச்ச ஆண் குரல்) பாரிடோனும் (நடு ஆண் குரல்) திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, எங்கோ தூரத்தில் சிறுவர் குழு ஆர்கனோடு, இந்தப் பலியை ஏற்றுக்கொள் ஆண்டவரே என்று பாடுகிறது. அந்தத் தூரத்தை ஒலிப்பதிவில் அப்படியே பிடித்திருக்கிறார் தயாரிப்பாளர் ஜான் கல்ஷா. நல்ல ஹெட்போனில் கேளுங்கள், அடிவயிறு கலங்கும்.

நான் கோயில் பாடகர் குழுவில் பேஸ் (அடி ஆண் குரல்) பாடுகிறவன். அதனால் இன்னொன்று கண்ணில் படுகிறது. ஆரம்பத்தில் மணி அடிப்பது சி, எஃப் ஷார்ப் என்ற இரண்டு சுரங்களில். நம் கணக்கில் சட்ஜமும் பிரதி மத்யமமும். பக்கவாத்தியம் இல்லாமல் இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டு நிற்பது பாடகர்களுக்குப் பெரிய தலைவலி. அப்படி நின்று, கடைசி நொடியில் எஃப் மேஜர் என்ற இணக்கமான சுரக்கூட்டில் வந்து இறங்குகிறார்கள். மூன்று இடங்களில் இப்படி வரும். அந்த இறக்கம் எனக்கு ஆறுதலாகப் படவில்லை, பேசிப் பேசி ஓய்ந்துபோனவர்களின் அமைதி மாதிரிதான் இருக்கிறது.

தனியாகப் பாடுகிறவர்கள் மூவர்: டெனர் இங்கிலாந்தின் பீட்டர் பியர்ஸ், பாரிடோன் ஜெர்மனியின் ஃபிஷர்-டீஸ்காவ், பெண் குரல் ரஷ்யாவின் கலீனா விஷ்னெவ்ஸ்கயா. முதல் அரங்கேற்றத்துக்கு விஷ்னெவ்ஸ்கயாவைச் சோவியத் அரசு விடவில்லை, இந்தப் பதிவில்தான் மூவரும் சேர்ந்தார்கள். அவர் குரல் மேல் ஸ்தாயியில் கொஞ்சம் கத்தி மாதிரி அறுக்கும். சிலருக்குப் பிடிக்காது, என்னைக் கேட்டால் இந்த இசைக்கு அதுதான் சரி. ஃபிஷர்-டீஸ்காவ் ஹிட்லரின் படையில் இருந்து போர்க் கைதியானவர். 'நண்பா, நீ கொன்ற எதிரி நான்தான்' என்ற வரி அவர் வாயில் வரும்போது நடிப்பு எது, நினைவு எது என்று பிரிக்க முடியவில்லை.

குறை? மெதுவான இடம் காதிலேயே விழாது, சத்தமான இடம் பக்கத்து வீட்டை எழுப்பும். பேருந்தில் கேட்கத் தோதான சரக்கு இல்லை. டேப் இரைச்சலும் லேசாக உண்டு. அப்புறம், கவிதை வரிகள் கையில் இல்லாவிட்டால் பாதி போய்விடும், அதனால் கையேடு இல்லாத பழைய சிடியைச் சல்லிசாகக் கொடுத்தாலும் யோசியுங்கள். முடிந்தால் ஒத்திகை சேர்ந்த மறுவெளியீட்டைத் தேடுங்கள். கல்ஷா ரகசியமாக ஓடவிட்ட டேப் அது. பிரிட்டனின் ஐம்பதாவது பிறந்தநாளுக்குப் பரிசாகக் கொடுத்தபோது அவர் முகம் சுளித்தாராம். சுளித்தால் சுளிக்கட்டும், பாடகர் குழுவில் நிற்கிற எவருக்கும் அந்த ஒத்திகைக்காகவே காசு தகும்.