டெவ்கிட் கையில் கிடைத்தால்: ஓட்டிப் பார்ப்பதா, காப்பி எடுப்பதா?

வெளிநாட்டில் இருக்கும் அத்தானோ மச்சானோ பழைய சாமான் கடையில் ஒரு பிளேஸ்டேஷனை வாங்கி வந்து கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டிய பெட்டி நீலமாக இருக்கிறது. அல்லது ஒரு எக்ஸ்பாக்ஸ், உள்ளே இருப்பது தெரியும்படி பச்சை உடம்போடு. இவை கடையில் விற்கச் செய்தவை கிடையாது. கேம் உருவாக்குகிறவர்களுக்குக் கொடுத்த சோதனைப் பெட்டிகள். கேமை உருவாக்கவே பயன்படும் முழு டெவ்கிட்கள் இன்னும் பெரியவை. கூட வரும் சிடியிலோ ஹார்ட் டிஸ்க்கிலோ பாதியில் கைவிட்ட கேமின் பில்ட் (அந்தந்தக் கட்டத்தில் ஓட்டிப் பார்க்க எடுத்த பதிப்பு) ஒன்று இருந்தால், உலகத்தில் அதற்கு வேறு பிரதியே இல்லாமல் இருக்கலாம்.

பாளையங்கோட்டை, மேலப்பாளையம் பக்கம் ரிப்பேர் கடைக்கு இப்படி ஒன்றைக் கொண்டுவருகிறவர் முதலில் கேட்பது, “அண்ணாச்சி, கரண்ட் கொடுத்துப் பாத்திருவோமா?” அந்த ஆசை நியாயமானது. ஆனாலும் “பொறுடே, முதல்ல காப்பி எடுப்போம்” என்பதுதான் சரியான பதில் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

நேரடியாக ஓட்டுவதன் பலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கடையில் விற்ற பிளேஸ்டேஷன் 2-இல் 32 எம்பி மெமரி. அதன் டெவ்கிட்டில் 128 எம்பி. முதல் பிளேஸ்டேஷனில் 2 எம்பி, டெவலப்பர் போர்டில் 8 எம்பி. முடியாத பில்ட்கள் சில இந்தக் கூடுதல் இடத்தை நம்பி எழுதப்பட்டவை என்பதால் சாதாரணப் பெட்டியில் பாதியிலேயே நின்றுவிடும். டெவ்கிட்டில் அப்படியே ஓடும். வேகம், ஒலி, கையில் கன்ட்ரோலரின் உணர்வு எல்லாம் அன்றைக்கு அந்த டெவலப்பர் பார்த்தபடியே இருக்கும். அதற்கு ஈடு கிடையாது.

ஆபத்தும் அங்கேதான். நம் வீட்டு பிளக்கில் வருவது 230 வோல்ட். ஜப்பான் பெட்டி 100 வோல்ட்டுக்கும் அமெரிக்கப் பெட்டி 120 வோல்ட்டுக்கும் செய்தது. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் சொருகினால் பவர் சப்ளை போய்விடும். பழைய எக்ஸ்பாக்ஸில் கடிகாரத்துக்கான கெபாசிட்டர் வயதாக ஆக ஒழுகி, போர்டின் செம்புத் தடங்களை அரிக்கும்; திறந்து அதைக் கழற்றாமல் சுவிட்சைத் தொடவே கூடாது.

இதையெல்லாம் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது ஹார்ட் டிஸ்க்கில் நடப்பது. பெட்டி ஓடும்போது தற்காலிகக் கோப்புகளை டிஸ்க்கில் எழுதும். டெவலப்பர்கள் பெட்டியைக் கைமாற்றும் முன் கோப்புகளை அழித்திருப்பார்கள். ஆனால் அழித்த கோப்பின் உள்ளடக்கம், அதன்மேல் வேறெதுவும் எழுதப்படும்வரை டிஸ்க்கில் கிடக்கும். பழைய பில்ட்கள் பல இந்த மிச்சத்திலிருந்துதான் மீளும். ஆர்வத்தில் ஒருமுறை ஆன் செய்தால், தேடி வந்த பொருளின் மேலேயே புது எழுத்து விழுந்துவிடலாம்.

காப்பி எடுப்பது பரபரப்பில்லாத வேலை. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, அடாப்டரில் மாட்டி, எதுவும் எழுதாத வகையில் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்கிற டிஸ்க் நகலெடுக்கும் நிரலைக் கொண்டு கோப்புகளை மட்டும் எடுக்காமல் காலி இடத்தையும் சேர்த்து முழு டிஸ்க்கையும் எடுக்க வேண்டும். சிடி-ஆர் என்றால் குறைந்த வேகத்தில், இரண்டு வேறு டிரைவில் படித்து, செக்சம் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். பழைய கார்ட்ரிட்ஜ் போர்டில் ஈப்ராம் என்கிற, அழித்து எழுதக்கூடிய மெமரி சிப் இருந்தால், மேலே ஒட்டிய ஸ்டிக்கரை உரிக்காதீர்கள். அடியில் இருக்கும் கண்ணாடி ஜன்னல் வழியாகப் புற ஊதா ஒளி பட்டால் உள்ளிருப்பது அழியும். நம் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் எமுலேட்டரில், அதாவது கம்ப்யூட்டரைக் கேம் பெட்டிபோல நடிக்க வைக்கும் மென்பொருளில், ஓட்டலாம். முன்பு இதில் டெவ்கிட்டின் கூடுதல் மெமரி கிடைக்காத குறை இருந்தது. இப்போது முதல் பிளேஸ்டேஷனுக்கான டக்ஸ்டேஷன் 8 எம்பி, பிளேஸ்டேஷன் 2-க்கான பிசிஎஸ்எக்ஸ்2 128 எம்பி என்று டெவ்கிட் மெமரியையே அமைத்துக்கொள்ள விடுகின்றன. எக்ஸ்பாக்ஸுக்கு எக்ஸ்எமுவில் 128 எம்பி. நேரக்கணக்கு நுணுக்கங்களில் அசல் பெட்டியே மேல். ஆனால் எமுலேட்டரில் எந்த இடத்திலும் நிறுத்தி மெமரியைப் பார்க்கலாம், பூட்டிய லெவலுக்குத் தாவலாம். ஓட்டாமலேயே, நிரலைப் பிரித்துக் காட்டும் கித்ரா என்கிற மென்பொருளில் திறந்தால், பில்டில் விட்டுப்போன செயற்கூறுகளின் (நிரலின் தனித்தனிப் பகுதிகளின்) பெயர்கள் கிடைக்கலாம். வெட்டி எறிந்த கதாபாத்திரங்கள் பல முதலில் வெறும் பெயராகத்தான் தென்படுகின்றன.

டைனோசர் பிளானட்டைப் பாருங்கள். ரேர் நிறுவனம் நின்டெண்டோ 64-க்குச் செய்தது. வெளிவரவில்லை, மாறி உருவெடுத்து 2002-இல் ஸ்டார் ஃபாக்ஸ் அட்வென்சர்ஸ் ஆனது. 2000 டிசம்பர் தேதியிட்ட பில்ட் 2021 பிப்ரவரியில் பொதுவெளிக்கு வந்ததும், ரசிகர்கள் அதன் நிரலைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தார்கள். ஒருவருடைய அலமாரியிலேயே இருந்திருந்தால் இது நடந்திருக்காது. அதே ஆண்டு மார்ச்சில் வெளிவராத கேம் பில்ட்களைத் தேடிப் பாதுகாக்கும் ஹிடன் பேலஸ் குழு 700-க்கும் மேற்பட்ட பிளேஸ்டேஷன் 2 பில்ட்களை வெளியிட்டது.

சேகரிப்பாளருக்கு விற்பது இன்னொரு வழி. நின்டெண்டோவும் சோனியும் சேர்ந்து முயன்ற பிளேஸ்டேஷனின் முன்மாதிரிப் பெட்டி 2020 ஏலத்தில் 3,60,000 டாலருக்குப் போனது. விற்கலாம், தப்பில்லை. காப்பி எடுத்துவிட்டு விற்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். கேமின் உரிமை நிறுவனத்துடையது என்பதையும் மறக்கக் கூடாது. டிஸ்க்கில் ஊழியர்களின் கடிதமோ சொந்த விவரமோ இருந்தால் அதை யாருக்கும் காட்டாதீர்கள்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது, தாமிரபரணி வெள்ளம் திருநெல்வேலி ஜங்ஷன் பேருந்து நிலையம்வரை வந்தது. தென்காசிப் பக்கம் சாரல் மாதங்களில் சிடியில் பூசணம் பிடிக்கும். இந்த ஊர்களில் ஒரே இடத்தில் ஒரே பிரதி இருப்பது போதாது. காப்பியை வேறு ஊரில் இருக்கும் ஒருவரிடமும் கொடுத்து வையுங்கள்.

சேகாவின் டிரீம்காஸ்ட் கேம் பெட்டிக்கான ஜிடி-ஆர் (பதிவு செய்யக்கூடிய தனி வகை டிஸ்க்) மட்டும் ‘முதலில் காப்பி, பிறகு ஓட்டம்’ என்கிற இந்த வரிசையை மாற்றிவிடும். சாதாரண கம்ப்யூட்டர் டிரைவ் அதை நேரடியாகப் படிக்காது. அங்கே டெவ்கிட்டே காப்பி எடுக்கும் கருவி. அப்போது பவர் சப்ளையின் கெபாசிட்டர்களை முதலில் மாற்றி, ஸ்டெப்-டவுனும் யுபிஎஸ்ஸும் வைத்து, போனால் போகட்டும் என்கிற ஒரு சாதாரண டிஸ்க்கை ஓட்டிப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு அரியதைப் போடுங்கள்.