பிராம்ப்டன் மடிப்பு சைக்கிள்: ரயிலோடு சேர்ந்தால்தான் காருக்கு மாற்று

கார் ஓட்டத்தைக் குறைக்க நினைக்கும் திட்டங்கள் பெரும்பாலும் ரயிலையும் பஸ்ஸையும் நம்பியே போடப்படுகின்றன. ஆனால் வீட்டிலிருந்து நிலையத்துக்கு 3 கி.மீ., இறங்கிய பிறகு அலுவலகத்துக்கு இன்னொரு 2 கி.மீ. என்றிருந்தால், அந்தத் துண்டுத் தூரமே ஆளைக் காரில் ஏற்றிவிடும். முழு அளவு சைக்கிளை நெரிசல் நேரத்தில் பல ரயில்களில் ஏற்ற விடமாட்டார்கள். மடித்த சைக்கிள் பயணப் பெட்டிக் கணக்கில் போய்விடும். எனவே பிராம்ப்டன் நிறுவனத்தின் மடிப்பு சைக்கிளை முதலில் ஒரு சுமையாக எடைபோட வேண்டும், பிறகுதான் சைக்கிளாக.

சுமையாக இதற்கு நல்ல மதிப்பெண். மடித்தால் கனம் சுமார் 27 செ.மீ., மற்ற இரு பக்கங்களும் ஏறக்குறைய 60 செ.மீ. செயின் உள்பக்கம் போய்விடுவதால் பேன்ட்டில் கிரீஸ் ஒட்டாது. மடிக்கும் வரிசை: பின்சக்கரத்தை அடியில் சுழற்று, நடுக் கீலைத் தளர்த்தி முன்சக்கரத்தைப் பக்கவாட்டில் கொண்டுவந்து கொக்கியில் மாட்டு, ஹேண்டில்பாரை இறக்கு, கடைசியாக சீட்டைக் கீழே அழுத்து. சீட் முழுதாக இறங்கினால்தான் பின்பாகம் பூட்டும். பாதியில் விட்டால் தூக்கும்போது சக்கரம் தொங்கி விரிந்துவிடும். பெடல் தவறான நிலையில் நின்றால் மடிப்பு இடிக்கும். அழுத்தித் தள்ளாமல் பெடலைப் பின்னோக்கிச் சுற்றிச் சரிசெய்யுங்கள். கேபிள்கள் கீலுக்குள் சிக்காமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம்.

எடைதான் உறுத்தல். இரும்புச் சட்டத்தில் 6 கியர் மாடல் ஏறத்தாழ 12 கிலோ. பிளாட்பாரத்தில் பத்து படி பரவாயில்லை, மூன்று மாடி என்றால் தினமும் தண்டனை. டைட்டானியத்தில் செய்த டி லைன் (T Line) மாடல் 8 கிலோவுக்குள் முடியும், விலை மட்டும் வேறு உலகம். முன்பக்கப் பை ஹேண்டில்பாரில் தொங்காமல் சட்டத்திலேயே மாட்டப்படுவதால் 10 கிலோ ஏற்றினாலும் திருப்பம் தடுமாறாது. ஆனால் மடிக்கும்போது பையைக் கழற்றியாக வேண்டும். இரு கையும் நிறைந்துவிடும், டிக்கெட்டை முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி சைக்கிளாக. சிறிய சக்கரம் சிக்னலில் சட்டென்று கிளம்பும், குழியில் அதே வேகத்தில் உலுக்கும். பின்பக்க ரப்பர் துண்டு கொஞ்சம் தாங்கும், மாயம் எதுவும் செய்யாது. 6 கியர் மாடலில் ஹப்புக்குள், அதாவது பின்சக்கரத்தின் நடு உருளைக்குள், 3 கியர், வெளியே 2 பல்சக்கரம். ஹப் கியர் மாற்ற மிதிப்பதை ஒரு கணம் நிறுத்த வேண்டும். வெளிக் கியர் மாற்ற மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டையும் குழப்புபவர்கள்தான் கியர் சரியில்லை என்று புகார் சொல்வார்கள். மேடு அதிகமுள்ள வழியானால் பெடலோடு சுற்றும் முன் பல்சக்கரத்தில் 50 பல்லுக்குப் பதில் 44 பல் கேளுங்கள். ஒவ்வொரு கியரும் 12 சதவீதம் இலகுவாகும்.

பராமரிப்பில் மாட்டிக்கொள்ளும் இடம் பின்சக்கரம். கழற்ற 15 மி.மீ. ஸ்பேனர் வேண்டும், செயின் இழுப்பானையும் ஹப் கேபிளையும் பிரிக்க வேண்டும். வழியில் பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றாதீர்கள். டயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி, ஓட்டையுள்ள டியூப் பகுதியை இழுத்து அங்கேயே ஒட்டுப் போடுங்கள். டயர் வாங்கும்போது 16 அங்குலம் என்று மட்டும் சொன்னால் போதாது: இதற்குத் தேவை 349, அதாவது டயர் உட்காரும் விளிம்பின் விட்டம் மி.மீ. கணக்கில். சிறுவர் சைக்கிள்களில் வரும் 305-உம் அதே 16 அங்குலம்தான், பொருந்தவே பொருந்தாது. சீட் போஸ்ட்டில் எண்ணெய் பட்டால் உட்கார உட்கார இறங்கும், எண்ணெய்ப் பசை போகச் சுத்தமாகத் துடையுங்கள்.

பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது, வாரச் சாமான் வாங்குவது என்பதற்கெல்லாம் இதை வாங்காதீர்கள். அதற்குச் சரக்கு சைக்கிள் வேறு. கரடுமுரடான சாலைக்கு இதே நிறுவனத்தின் ஜி லைன் இருக்கிறது, 20 அங்குலச் சக்கரம், டிஸ்க் பிரேக். ஆனால் மடித்தாலும் பெரிது, எடையும் கூடுதல். நீங்கள் போகும் ரயிலின் சுமை விதியையும் சுமைத் தட்டின் அளவையும் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.