நாலரை அடிப் பலகையில் ஒரு குருவிப் பெட்டி: நான்கு வருட அனுபவம்

திண்டிவனம் பக்கம் எங்கள் வீடு. ஓட்டு வீடாக இருந்தவரை சட்டங்களின் இடுக்கில் சிட்டுக்குருவிகள் தாமாகவே கூடு கட்டிக்கொண்டன. 2019இல் இடித்துவிட்டு மாடி போட்டோம். வழவழப்பான சுவரில் ஒரு பொந்துகூட மிஞ்சவில்லை, குருவிகளும் போய்விட்டன. இரண்டு வருடம் கழித்து நான் ரம்பத்தை எடுத்தபோது, "ஓட்டைப் பிரிச்சது நீ, இப்ப அதுக்கு வாடகை வீடு கட்டித் தரியாக்கும்" என்றாள் அம்மா.

2021 ஜூலையில் செய்த முதல் பெட்டி பார்க்க அழகாகத்தான் இருந்தது. சாதா பிளைவுட், நீல பெயிண்ட், வாசல் ஓட்டைக்குக் கீழே உட்கார ஒரு குச்சி. வேப்பமரக் கிளையில் கம்பி கட்டித் தொங்கவிட்டேன். பதினான்கு மாதம் ஒரு குருவிகூட எட்டிப் பார்க்கவில்லை. குளவி கூடு வைத்தது. காக்கை அந்தக் குச்சியில் சொகுசாக உட்கார்ந்து உள்ளே மூக்கை விட்டுப் பார்த்தது. குருவிக்கு அந்தக் குச்சி தேவையே இல்லை, ஓட்டையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே அது நுழைந்துவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது. காற்றில் ஊஞ்சலாடும் பெட்டியும் அதற்குப் பிடிக்காது. பிளைவுட்டைப் பற்றிச் சொல்ல வேண்டாம், முதல் மழைக்கே பரோட்டா மாதிரி அடுக்கடுக்காகப் பிரிந்தது.

இப்போது பயன்பாட்டில் இருப்பவை 2022 அக்டோபரில் செய்த மூன்று பெட்டிகள். பழைய மெஷின் வந்த பேக்கிங் பெட்டிப் பலகை, பைன் மரம். ஆறு அங்குல அகலம், முக்கால் அங்குல கனம். ஒரு பெட்டிக்கு நாலரை அடி நீளம் போதும்: பின்பலகை 12 அங்குலம், முன்பலகை 8, அடிப்பலகை நாலரை, கூரை எட்டரை. பக்கப் பலகைகளுக்கு 18 அங்குலத் துண்டு ஒன்றை எடுத்து, ஒரு ஓரத்தில் 10, மறு ஓரத்தில் 8 வரும்படி குறுக்கே சாய்வாக அறுத்தால் இரண்டும் ஒரே வெட்டில் கிடைத்துவிடும். சாய்வுக் கூரையும் அதிலேயே அமைந்துவிடுகிறது. பெயிண்ட் கிடையாது. உள்பக்கத்தை இழைக்கவும் இல்லை, சொரசொரப்பாக இருந்தால்தான் குஞ்சு கால் ஊன்றி ஏறி வெளியே வரும்.

வாசல் ஓட்டை 32 மில்லிமீட்டர், அடிப்பலகையிலிருந்து ஆறு அங்குல உயரத்தில். மைனா நுழைய முடியாது. ஆனால் அணில் நுழையும். முதல் வருடமே ஒரு அணில் ஓட்டையைக் கடித்துப் பெரிதாக்கி, முட்டைகளைத் தின்றுவிட்டுப் போனது. அன்றைக்கே எண்ணெய் டின்னை வெட்டி, அதே அளவு ஓட்டை போட்டு, முன்பக்கம் தகடாக அடித்தேன். விளிம்பை அரம் போட்டுத் தேய்க்காமல் விடாதீர்கள், குருவியின் காலைக் கிழிக்கும். தகடு அடித்த பிறகு ஓட்டை பெரிதாகவில்லை. இருந்தாலும் பக்கத்தில் அணில் தாவி வரக் கிளை இல்லாத சுவர்தான் நல்லது.

அடிப்பலகையின் நான்கு மூலையிலும் தண்ணீர் வடியச் சின்னத் துளைகள் போட்டேன். ஒரு பக்கப் பலகையை மட்டும் ஒட்டவில்லை. மேலே இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு ஸ்க்ரூ அச்சாக நிற்கும், கீழே ஒரு கொக்கி. கதவு மாதிரி திறக்கலாம். திறக்க வசதியாகக் கூரைக்குக் கீழே விட்ட கால் அங்குல இடைவெளி காற்றோட்டத்துக்கும் ஆயிற்று. இதைச் செய்யாவிட்டால் சுத்தம் செய்யப் பெட்டியை உடைக்க வேண்டியதுதான். குஞ்சுகள் போனபின் பழைய கூட்டில் கோழிச் செல் போலப் பொடிப் பூச்சி மண்டிக் கிடக்கிறது. வருடா வருடம் ஐப்பசி மழைக்கு முன்னால் எல்லாவற்றையும் வாரிப் போட்டு, கொதிக்கும் தண்ணீர் ஊற்றி, இரண்டு நாள் வெயிலில் வைக்கிறேன். மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டுதான்.

இடம் விஷயத்தில்தான் பெரிய தவறு செய்தேன். கண்ணில் படட்டும் என்று முதலில் மேற்குச் சுவரில் மாட்டினேன். 2023 கத்திரி வெயிலில் ஒரு ஜோடி நான்கு முட்டையை அப்படியே விட்டுவிட்டுப் போனது. மதியம் பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன், கையை வைக்க முடியவில்லை. இரண்டு வாரம் பொறுத்தும் அவை திரும்பாததால் கழற்றி, வடக்குச் சுவரில் சன்ஷேடுக்கு அடியில், பத்தடி உயரத்தில் பிளக் அடித்து இரண்டு பெட்டிகளை மாட்டினேன். அந்த ஆவணியிலேயே ஆண் குருவி வைக்கோலோடு வந்தது. சமையலறைக் காலண்டரில் குறித்து வைத்ததை எண்ணினால் இதுவரை ஒன்பது ஈடு குஞ்சுகள் வெளியேறியிருக்கின்றன. கடைசி முட்டையிலிருந்து பன்னிரண்டு நாள் முன்பின்னாகப் பொரிகிறது, பிறகு பதினைந்து நாளில் குஞ்சு பறந்துவிடுகிறது.

நான் வைக்கும் கம்புத் தானியம் பெரிய குருவிகளுக்குத்தான். குஞ்சுக்குப் புழுவும் பூச்சியும் வேண்டும். முருங்கையில் புழு வந்தால் மருந்து அடிப்பதை நிறுத்திவிட்டேன். இதில் வீட்டில் எல்லோருக்கும் சம்மதம் என்று சொல்ல முடியாது.

மற்ற குறைகள்: காலை ஐந்தரைக்குத் தொடங்கும் சத்தம். அடியில் துணி காயப்போட முடியாது. வைக்கோல் தாழ்வாரமெங்கும் விழும், தினம் பெருக்க வேண்டும். அப்புறம் கூரை. பக்கவாட்டில் அது வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் மழையில் சாரல் உள்ளே இறங்கி அடிப்பலகை ஊறிப் புடைத்துவிட்டது. நல்லவேளை, அப்போது பெட்டி காலி. கூரைக்கு மட்டும் எட்டு அங்குலப் பலகை வாங்கியிருக்க வேண்டும். இப்போதைக்கு மேலே தகரம் மடித்து ஒப்பேற்றியிருக்கிறேன். செலவு பெட்டிக்கு முந்நூறு ரூபாய்க்குள் அடங்கியது, ஓட்டை போடும் பிட் தனி.

மூன்றாவது பெட்டி கிணற்றடி மதிலில், ஆறடி உயரத்தில் இருக்கிறது. மூன்று வருடமாகக் காலி. அந்த மதில்தான் தெருப் பூனைக்கு நடைபாதை. தை பிறப்பதற்குள் அதையும் வடக்குச் சுவருக்கு மாற்ற வேண்டும். ட்ரில் மெஷினை வாங்கிப் போன பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் திருப்பித் தரவில்லை.