கா-ஓலே: பிடித்த பொக்கிமான் கைக்கு வரும் ஆட்டம்

பொக்கிமான் கா-ஓலே, பொக்கிமான் என்னும் கற்பனை உயிரினங்களை மோதவிட்டு ஆடும், நாணயம் போட்டு விளையாடும் இயந்திரம். அது 2016 ஜூலையில் ஜப்பானில் அறிமுகமானது. அந்த ஆண்டே நானும் மகனும் விளையாடத் தொடங்கினோம். 2020இல் அடுத்த தலைமுறை இயந்திரமான மெசாஸ்டார் வரும் வரை விட்டபாடில்லை. டோக்கியோவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பேரங்காடிக்குக் காய்கறி வாங்கப் போனால்கூட, அவன் கால்கள் தானாக விளையாட்டுப் பகுதிக்குத்தான் திரும்பும்.

அப்போது 100 யென் நாணயம் போட்டால் ஒரு ஆட்டம். ஆளுக்கொரு பொக்கிமான் என்று நம்மிடம் இருக்கும் கெட்டிப் பிளாஸ்டிக் டிஸ்க்குகளில் இரண்டைச் செருகினால், அந்த இரண்டு பொக்கிமான்களும் திரையில் களமிறங்கும். எதிரிலும் இரண்டு. பொத்தானைப் படபடவென்று தட்டத் தட்டத் தாக்குதல் வலுக்கும். எதிரியை வீழ்த்தினால் பந்து வீசிப் பிடிக்கலாம். எந்தப் பந்து கிடைக்கும் என்பதைச் சுழல் சக்கரம் முடிவு செய்யும். எல்லாவற்றிலும் சிறந்த மாஸ்டர் பந்தில் முள் நின்றுவிட்டால் பக்கத்தில் வரிசையில் நிற்கும் பிள்ளைகளும் சேர்ந்து கத்துவார்கள்.

பிடித்தாயிற்று என்றாலும் டிஸ்க் சும்மா வராது. இன்னொரு 100 யென் போட வேண்டும். முதலில் இது எனக்குக் காசு பிடுங்கும் வேலையாகவே தோன்றியது. விளையாட விளையாட இதுதான் இந்த ஆட்டத்தின் உயிர் என்று புரிந்தது. பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று தெரியாமல் வாங்கும் பொம்மைகளைப் போல அல்லாமல், எந்தப் பொக்கிமானுக்குக் காசு கொடுக்கிறோம் என்பது இங்கே கண்ணெதிரே தெரிகிறது. கையில் கடைசி நாணயத்தை வைத்துக்கொண்டு, பிடித்த பொக்கிமானை வாங்குவதா, அதை விட்டுவிட்டு இன்னொரு ஆட்டம் ஆடுவதா என்று ஐந்து வயதுப் பிள்ளை உதட்டைக் கடித்து யோசிப்பதைப் பார்க்க வேண்டும்.

டிஸ்க்குகளுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரங்கள் உண்டு. ஐந்து நட்சத்திரம் இருந்தால்தான் ஜெயிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். சாரிசார்ட் என்ற பொக்கிமான் நெருப்பு, பறத்தல் என்ற இரண்டு வகையும் கலந்தது. பாறை வகைத் தாக்குதல் அதற்கு மிகவும் வலிக்கும். எது எதற்கு எதிரி என்று தெரிந்த பிள்ளை, நட்சத்திரத்தை மட்டும் நம்பி வரும் பிள்ளையைவிட நன்றாகவே ஆடும். என் மகன் ஜப்பானிய மொழியின் கத்தகானா எழுத்துகளைக் கற்றுக்கொண்டதும் பெரும்பாலும் டிஸ்க்குகளில் இருந்த பெயர்களைப் படித்துத்தான். பள்ளிப் பாடம் பிறகுதான் வந்தது.

குறைகளும் உண்டு. சில மாதங்களுக்கு ஒருமுறை புதிய வரிசை வந்து, பழைய வரிசையின் பொக்கிமான்கள் இயந்திரத்தில் தட்டுப்படாமல் போகும். அரிய டிஸ்க்குகள் மறுவிற்பனைக் கடைகளில் குழந்தைகளால் நெருங்க முடியாத விலைக்குப் போயின. எனக்குப் பெரிய வருத்தம், கா-ஓலே டிஸ்க்கை வைத்து மெசாஸ்டாரில் ஆட முடியாது என்பது. இந்த இயந்திரங்களின் முன்னோடியாக 2007இல் வந்த பட்டோரியோவிலிருந்து 2012இன் டொரெட்டா, கா-ஓலே, மெசாஸ்டார் என்று ஒவ்வொரு தலைமுறையும் தனக்கென ஒரு வில்லையோடுதான் வந்திருக்கிறது. குழந்தை ஆசையாகச் சேர்த்ததை அடுத்த இயந்திரமும் ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். இதில் எனக்குச் சமாதானமே கிடையாது.

ஜப்பானில் நின்ற பிறகும் சிங்கப்பூர், மலேசியா போன்ற நாடுகளில் கா-ஓலே ஓடியது. அங்குள்ள நம்மவர் பிள்ளைகள் பலர் இதை ஆடி வளர்ந்திருப்பார்கள். இப்போது ஜப்பானுக்கு வருபவர்கள் பார்க்கப்போவது மெசாஸ்டாருக்கு அடுத்து 2024 ஜூலையில் வந்த ஃபிரெண்டா இயந்திரத்தை. குழந்தையோடு வந்தால் வார நாளில் காலையிலேயே போய்விடுங்கள். சனி, ஞாயிறுகளில் வரிசை நீளும், ஆட்டம் முடிந்தால் மறுபடியும் கடைசியில் போய் நிற்க வேண்டியிருக்கும். 100 யென் நாணயங்களைத் தாராளமாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள், அத்தனையையும் முதலிலேயே பிள்ளையின் கையில் கொடுத்துவிடாதீர்கள்.