ஒரு ஸ்டேஜ்பாக்ஸ், இரண்டு மிக்ஸர்: கெயின் யார் கையில்?

மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெரிதாக்குவது ப்ரீஆம்ப், எவ்வளவு பெரிதாக்குகிறோம் என்பதுதான் கெயின். மேடையில் மைக் கேபிள்கள் வந்து சேரும் ஸ்டேஜ்பாக்ஸ் பெட்டிக்குள் இந்த ப்ரீஆம்ப் இருக்கும். அதைத் தூரத்திலிருந்து இயக்குவது இன்று பெரிய விஷயமே இல்லை. ஒரே மிக்ஸர் இருக்கும் வரை எந்தச் சிக்கலும் வராது. அதே ஸ்டேஜ்பாக்ஸைப் பார்வையாளர்களுக்கான மெயின் மிக்ஸரும் மேடையில் இருப்பவர்களுக்கான மானிட்டர் மிக்ஸரும் பங்கு போட்டுக்கொள்ளும்போதுதான் தகராறு. மெயினில் இருப்பவர் பாடகரின் கெயினை 6 டெசிபல் ஏற்றுகிறார் என்று வையுங்கள். மானிட்டரில் யாரும் கை வைக்காமலே வெட்ஜிலும், அதாவது பாடகரைப் பார்த்து மேடையில் வைத்திருக்கும் ஸ்பீக்கரிலும், 6 டெசிபல் ஏறிவிடும். ஏற்கெனவே ஃபீட்பேக் விளிம்பில் நின்ற வெட்ஜ் உடனே கூவும். பாடகர் காதில் இன்-இயர் மானிட்டர் போட்டிருந்தால் இன்னும் மோசம், ஏறிய சத்தம் நேராகக் காதுக்குள் போகிறது.

இதற்குப் பழைய பதில் அனலாக் ஸ்ப்ளிட். மைக் கேபிள் மேடையிலேயே இரண்டாகப் பிரிந்து, ஆளுக்கொரு ப்ரீஆம்புக்குப் போய்விடும். யார் கெயினை யாரும் தொட முடியாது. ஒரு மிக்ஸர் படுத்தாலும் மற்றது ஓடும். செலவும் எடையும் கூடும், சில மைக்குகளுக்குத் தேவைப்படும் 48 வோல்ட் ஃபான்டம் மின்சாரத்தை எந்தப் பக்கம் கொடுப்பது என்று முன்பே பேசிவைக்க வேண்டும், கிரவுண்ட் இணைப்பால் ஹம் என்ற இரைச்சல் வந்தால் அதைத் துண்டிக்கும் லிஃப்ட் சுவிட்சைத் தேடி ஓட வேண்டும். இருந்தாலும் நேரலை ஒளிபரப்பு வேன் வந்து நிற்கும் நிகழ்ச்சி என்றால் நான் இன்னமும் இதைத்தான் கேட்பேன்.

அடுத்தது, ஒருவர் கையில் மட்டும் கெயின். நம்மூர் வாடகை செட்டுகளில் நிறையப் பார்க்கக் கிடைக்கும் பெஹ்ரிங்கர் எக்ஸ்32 மிக்ஸர், எஸ்16 ஸ்டேஜ்பாக்ஸ் ஜோடி இப்படித்தான் ஓடுகிறது. இரண்டையும் இணைக்கும் ஏஇஎஸ்50 கேபிளில் எஸ்16-இன் ஏ போர்ட்டில் இருக்கும் மிக்ஸர்தான் ப்ரீஆம்பை ஆளும். இன்னொரு மிக்ஸருக்கு டிஜிட்டல் ட்ரிம் (ப்ரீஆம்பைத் தொடாமல், வந்த சிக்னலைத் தன் மிக்ஸருக்குள் மட்டும் ஏற்றி இறக்குவது) மட்டும், கூட்டியோ குறைத்தோ 18 டெசிபல் வரை. நடைமுறையில் அது தாராளமாகப் போதும். ஆனால் கெயின் மாறினால் ட்ரிம் தானாக ஈடு கட்டாது. ஆகவே இந்த முறை இருவரின் பேச்சுவார்த்தையை நம்பித்தான் நிற்கிறது. ஏ போர்ட்டை மானிட்டருக்குக் கொடுப்பது நல்லது என்பது என் கட்சி. கெயின் எகிறினால் முதலில் அடிபடுவது மேடையில் நிற்பவர்தான், அதனால் அவருக்குப் பக்கத்தில் இருப்பவர் கையிலேயே அது இருக்கட்டும்.

மூன்றாவது, ஈடு கட்டும் கெயின். யமஹா இதை கெயின் காம்பன்சேஷன் என்கிறது, டிஜிகோ கெயின் டிராக்கிங் என்கிறது. அனலாக் கெயினை 6 டெசிபல் இறக்கினால் டிஜிட்டலில் 6 ஏறிவிடும், மற்றவருக்கு எதுவும் மாறியதாகவே தெரியாது. இரண்டும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். ஈடு எந்த இடத்தில் நடக்கிறது என்று பார்த்தால்தான் வித்தியாசம் புரியும்.

யமஹாவின் சிஎல், க்யூஎல் மிக்ஸர்களோடு வரும் ரியோ ஸ்டேஜ்பாக்ஸில் ஈடு பெட்டிக்குள்ளேயே நடக்கிறது. அதற்குப் பிறகுதான் சிக்னல் டான்டேவுக்குள், அதாவது ஒலியைக் கொண்டுபோகும் நெட்வொர்க்குக்குள், போகிறது. இதில் பெரிய லாபம், மானிட்டர் மட்டுமல்ல, அதே நெட்வொர்க்கில் ஒவ்வொரு மைக்கையும் தனித்தனியாக (மல்டிடிராக்) பதிவு செய்யும் லேப்டாப்பும் காப்பாற்றப்படுகிறது. ஆனால் இதிலேயே ஒரு பொறியும் இருக்கிறது. சவுண்ட்செக்கில் மெதுவாகப் பாடியவர் கச்சேரியில் உச்சஸ்தாயியில் கிளிப் அடிக்கிறார், அதாவது சிக்னல் உச்சவரம்பைத் தாண்டி உடைகிறது. நீங்கள் அனலாக் கெயினை 6 இறக்குகிறீர்கள். பெட்டி அதே 6-ஐ டிஜிட்டலில் ஏற்றித் திரும்பவும் உச்சவரம்பில் முட்டவைக்கிறது. நெட்வொர்க்கில் போவது 24 பிட் முழு எண், அதற்கு மேலே இடமில்லை. ப்ரீஆம்ப் சுத்தமாகிவிட்டது, ஆனால் கிளிப் அப்படியே இருக்கிறது!

டிஜிகோவின் எஸ்டி வரிசையில் ஈடு கட்டுவது பெட்டியல்ல, சிக்னலைப் பெறும் மிக்ஸரின் ட்ரிம். மிக்ஸரின் உள்கணக்கு ஃப்ளோட்டிங் பாயின்ட் (உச்சவரம்பு எளிதில் முட்டாத எண் முறை) என்பதால் மேலே தாராளமாக இடம் உண்டு. அனலாக் கெயினை இறக்கினால் கிளிப் நிஜமாகவே போய்விடும். மற்ற மிக்ஸரில் டிராக்கிங் பட்டனை அழுத்த யாரோ மறந்தால் அந்தச் சேனலின் சத்தம் மட்டும் தாவும். தூய தொழில்நுட்பமாகப் பார்த்தால் எனக்கு டிஜிகோவின் வழிதான் பிடித்திருக்கிறது. பதிவு முக்கியம் என்றால் யமஹா.

டான்டே பற்றி ஒரு வார்த்தை. பிராண்டு மாற்றி இணைத்தால் ஒலி வந்துவிடும், ஆனால் உங்கள் மிக்ஸரின் கெயின் குமிழ் அடுத்த கம்பெனிப் பெட்டியை அசைக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. முன்பு யமஹா ஏடி8எச்ஆர் ப்ரீஆம்ப் பெட்டிக்கு ஒலிக்கு ஒரு கேபிள், கெயினுக்கு ஒரு 9 பின் கேபிள் என்று தனித்தனியாக இழுத்தோம். ஒலியும் கட்டுப்பாடும் வேறு வேறு சமாச்சாரம் என்று அப்போது கண்ணுக்கே தெரிந்தது. இப்போது ஒரே கேபிளில் போவதால் அது மறந்துவிடுகிறது. வாடகைக்கு எடுக்கும் முன் இதைக் கேட்டுவிடுங்கள்.

கடைசி வழிதான் நான் பெரும்பாலான மேடைகளுக்குச் சொல்வது: கெயினைத் தாழ்வாக வைத்துப் பூட்டிவிடுங்கள். சவுண்ட்செக்கில் உச்சம், கிளிப் ஆகும் வரம்புக்கு 18 டெசிபல் கீழே, அதாவது மீட்டரில் மைனஸ் 18-ஐ ஒட்டி நிற்கட்டும். "சிக்னல் இவ்வளவு கம்மியா இருக்கே" என்று பதறுபவர்கள் உண்டு. 24 பிட்டின் கணக்கு வீச்சு, அதாவது இரைச்சலுக்கும் உச்சத்துக்கும் இடையிலான தூரம், 144 டெசிபல்; நல்ல கன்வெர்ட்டர்களில் நிஜத்தில் 110-க்கு மேல் கிடைக்கும். மேலே 18 டெசிபல் விட்டாலும், அடியில் இருக்கும் இரைச்சல் மேடையின் ஃபேன் சத்தத்துக்கும் தவில் அதிர்வுக்கும் கீழே எங்கோ கிடக்கும். அதற்கப்புறம் ஆளுக்கு ஆள் ட்ரிம்மில் விளையாடிக்கொள்ளலாம். ஈடு கட்டும் வசதி இருக்கும் செட்டிலும் இந்த இடைவெளியை விட்டுத்தான் தொடங்க வேண்டும். மேலே சொன்ன பொறிக்கும் அதுதான் மருந்து.

பூட்டும்போது சீன் ரீகாலையும் (சேமித்துவைத்த மிக்ஸர் அமைப்பைத் திரும்ப அழைப்பது) சேர்த்துப் பூட்டுங்கள். நேற்றைய நிகழ்ச்சியின் சீனை அழைத்தால் நேற்றைய கெயினும் 48 வோல்ட்டும் சேர்ந்தே வரும். சீன் மாற்றாமல் விட வேண்டியதைக் குறிக்கும் ரீகால் சேஃபில் ப்ரீஆம்பைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அந்தக் கவலை இல்லை. மிக்ஸரை இயக்கும் ஐபேடை யார் கையில் கொடுக்கிறீர்களோ, அவருக்கும் சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடர் போதும். கெயின் பக்கத்தைத் தொட வேண்டாம் என்று சொல்லியே கொடுங்கள்.